அக்கானி கள்ளாகும், பார்லி பீராகும்: நொதித்தலைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

பனையில் பாளை சீவி இறக்கும் சாற்றில் 10 முதல் 14 சதவீதம் வரை சர்க்கரை இருக்கும். முளைவிட்ட பார்லியிலிருந்து பீருக்காக எடுக்கும் இனிப்பு நீரிலும் சர்க்கரை ஏறத்தாழ அதே அளவுதான். முதலாவது கலயத்தில் விழும்போதே நுரைக்கத் தொடங்கி, அன்றைக்கே கள்ளாகிவிடுகிறது. இரண்டாவது குடிக்கிற பதத்துக்கு வர மூன்று, நான்கு வாரம் ஆகிறது. சர்க்கரையின் அளவும் ஏறத்தாழ ஒன்று, அதைத் தின்று மதுவாக்கும் ஈஸ்ட் இனமும் பெரும்பாலும் ஒன்று. அப்படியென்றால் நடுவில் அத்தனை அண்டா, குழாய், தெர்மாமீட்டர், உப்புக் கணக்கு எல்லாம் எதற்கு? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-இன்படி வீட்டில் பீர் தயாரிப்பது குற்றம். கள் இறக்கவும் 1987 முதல் தடை இருக்கிறது. களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் உரிமம் பெற்ற கள்ளுக்கடை உண்டு, இந்தப் பக்கம் கிடையாது. ஆகவே நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ இருந்துகொண்டு இதைச் செய்து பார்க்கும் எண்ணம் வேண்டாம். ஆனால் நம் குமரி மாவட்டத்தில் வெளிநாட்டில் ஆள் இல்லாத குடும்பம் குறைவு. பிரிட்டனில் 1963-லேயே வீட்டு பீருக்கு இருந்த உரிமக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1978-இல் கூட்டாட்சிச் சட்டம் மாறியது. சிங்கப்பூரில் அளவு வரம்போடு அனுமதி உண்டு. அங்கே இருக்கும் மருமகனோ கொழுந்தனோ வீடியோ காலில் ஒரு வாளியைக் காட்டி "இது புளிச்சுக்கிட்டு இருக்கு" என்று சொன்னால், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருப்பதில் தப்பில்லை.

கலயத்தில் யார் முதலில் நுழைகிறார்கள்

அக்கானியிலிருந்து தொடங்குவோம். மற்ற ஊர்க்காரர்கள் பதநீர் என்பார்கள். பாளையிலிருந்து சொட்டும் சாறு இனிப்பானது, புளிப்போ காரத்தன்மையோ பெரிதாக இல்லாதது. காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்தின் சுவரிலும் காட்டு ஈஸ்ட்டுகளும் பாக்டீரியாக்களும் எப்போதும் இருக்கின்றன. சர்க்கரையும் ஈரமும் நம் ஊர் வெயிலும் சேர்ந்தால் அவற்றுக்கு வேறென்ன வேண்டும்? ஈஸ்ட் சர்க்கரையை மதுவாகவும் கரியமில வாயுவாகவும் உடைக்கிறது. ஒருவகை பாக்டீரியா லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகிறது, இன்னொரு வகை மதுவைக் காடியாக மாற்றுகிறது. காலையில் இறக்கிய கள் மாலையில் கடுப்பதும், மறுநாள் காடியின் வாடை அடிப்பதும் இந்தக் கூட்டுவேலையால்தான். கள்ளில் மது பொதுவாக 4 முதல் 6 சதவீதம். சாதாரண பீரிலும் அதே அளவு என்பதைக் கவனியுங்கள்.

இதைத் தடுக்கத்தான் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுகிறார்கள். சுண்ணாம்பு சாற்றின் பி.எச். அளவை மேலே தூக்கிவிடுகிறது. பி.எச். என்பது 0 முதல் 14 வரையிலான அளவுகோல். 7 நடுநிலை, அதற்குக் கீழே போகப்போகப் புளிப்பு, மேலே போகப்போகக் காரத்தன்மை. ஒரு எண் மாறினால் பத்து மடங்கு மாற்றம். ஈஸ்ட்டுக்குக் கொஞ்சம் புளிப்பான இடம் பிடிக்கும், சுண்ணாம்புக் கலயம் பிடிக்காது. அது வேலை செய்யாமல் நிற்பதால் அக்கானி இனிப்பாகவே தரைக்கு வந்து சேருகிறது, பிறகு அடுப்பேறிக் கருப்பட்டியாகிறது. பனையேறிகளிடம் பி.எச். மீட்டர் இருந்ததில்லை. அந்த அளவுகோலே 1909-இல்தான் வந்தது. டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையைச் சேர்ந்த ஆய்வகத்தில் வேலை பார்த்த சோரன்சன் என்ற வேதியியலாளர் அதை உருவாக்கினார். வேதியியல் பாடத்தில் நம்மைப் படாதபாடு படுத்திய அந்த எண் ஒரு பீர் கம்பெனியின் வாசலில் பிறந்தது என்று அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வகுப்பில் கொஞ்சம் ஆர்வமாவது வந்திருக்கும்.

கள்ளுக்கும் பீருக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இங்கேதான். கள்ளில் முதலில் வந்தவருக்கு முதல் பந்தி. பீரில் வேறு யாரும் நுழையாமல் கதவைச் சாத்தி, நாம் தேர்ந்தெடுத்த ஒரே ஈஸ்ட்டை உள்ளே விட்டு, அது கேட்கும் சூட்டில் வைத்திருக்கிறோம். பீர் செய்பவரின் உபகரணங்களில் பெரும்பாலானவை இந்தக் கதவைச் சாத்தும் வேலைக்குத்தான்.

பார்லியிலிருந்து இனிப்பு நீர்

பனைமரம் சர்க்கரையைத் தயாராகவே கொடுத்துவிடுகிறது. பார்லி கொடுப்பதில்லை, அதில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்ட்டால் மாவுச்சத்தைத் தின்ன முடியாது. அதனால் தானியத்தை ஊறவைத்து, முளைவிடச் செய்து, காய வைக்கிறார்கள். இதுதான் மால்ட். முளைக்கும்போது தானியம் தன் மாவுச்சத்தை உடைப்பதற்கான நொதிகளைத் தானே உற்பத்தி செய்துகொள்கிறது. முளைகட்டிய கேழ்வரகு மாவில் கஞ்சி வைத்தால் கெட்டியாகாமல் இளகி ஓடுமே, அதே நொதிகளின் வேலைதான்.

இந்த மால்ட்டை உடைத்து 65 முதல் 67 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ள நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். 20 லிட்டர் பீருக்கு நாலரை முதல் ஐந்து கிலோ மால்ட் போதும். சூடு 62, 63-இல் நின்றால் ஈஸ்ட் எளிதில் தின்னும் சர்க்கரை அதிகமாகக் கிடைக்கும், பீர் இனிப்பில்லாமல் மெல்லியதாக இருக்கும். 69, 70-க்குப் போனால் ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரை மிஞ்சும், பீர் கனமாக இருக்கும். 80-ஐத் தாண்டினால் நொதிகள் செத்துவிடும், அப்புறம் அது வெறும் பார்லிக் கஞ்சி. வடித்தெடுக்கும் இனிப்பு நீருக்கு வோர்ட் என்று பெயர். அதை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஹாப்ஸ் என்ற கொடியின் பூக்களைப் போடுவார்கள். கசப்பும் மணமும் அதிலிருந்து வருகின்றன. லாக்டிக் பாக்டீரியாக்களில் பலவற்றையும் அது அடக்கி வைக்கிறது. ஹாப்ஸைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரையே வேண்டும், இங்கே இது போதும்.

தண்ணீர்

பீரில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கடைசியாக யோசிப்பதும் அதைப் பற்றித்தான். "குடிக்க நன்றாக இருந்தால் பீருக்கும் நன்றாக இருக்கும்" என்று சொல்வார்கள். தொடக்கத்துக்கு அது சரிதான், முழு உண்மை இல்லை.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளுக்கு வரும் தண்ணீர் கரும்பாறைகளின் மேல் ஓடி வருவது. அந்தப் பாறை எளிதில் கரையாது, அதனால் உப்புக் குறைவு. சோப்புப் போட்டால் நுரை தள்ளும். குளச்சல், முட்டம் பக்கம் கடலை ஒட்டிய கிணறு ஒன்றில் நீரை இறைத்து இறைத்து மட்டம் கீழே போனால், கடல்நீர் உள்ளே கசியத் தொடங்கும். ஒரு லிட்டர் கடல்நீரில் சோடியம் 10 கிராமுக்கு மேலும் குளோரைடு 19 கிராம் வாக்கிலும் இருக்கிறது. கிணற்று நீரில் நூற்றில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தாலே லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் சோடியமும், 190 மில்லிகிராம் குளோரைடும் ஏறிவிடும். பீருக்குச் சோடியம் 100-க்குள் இருந்தால் நல்லது என்பார்கள். நாக்குக்குப் பெரிதாக உப்புக் கரிக்காத நீரே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் இரண்டு வேறு பீர்களுக்கான தண்ணீர் நம்மிடம் இருக்கிறது.

உலகில் பீருக்குப் பேர்போன ஊர்களின் கதையும் இதுதான். செக் நாட்டின் பில்சன் ஊர்த் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. அங்கே வெளிர்நிற, மென்மையான பீர் பிறந்தது. இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர்க் கிணறுகளில் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட், அதிகம், அங்கே ஹாப்ஸ் கசப்பு தூக்கலான ஏல் பீர் பிரபலமானது. டப்ளின் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம், அங்கே கருப்பு பீர். யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை, அந்தந்தத் தண்ணீரில் எது நன்றாக வந்ததோ அது நிலைத்தது.

இதற்குப் பின்னால் உள்ள கணக்கை மூன்று விஷயங்களாகப் பிடித்துக்கொண்டால் போதும். மால்ட்டை ஊறவைக்கும்போது அந்தக் கலவையின் பி.எச். 5.2 முதல் 5.6-க்குள் இருக்க வேண்டும். நொதிகள் நன்றாக வேலை செய்வது அங்கேதான். தண்ணீரில் உள்ள கால்சியம் மால்ட்டின் பாஸ்பேட்டோடு சேர்ந்து பி.எச்.-ஐக் கீழே இழுக்கிறது. பைகார்பனேட் மேலே தள்ளுகிறது. கருக வறுத்த மால்ட் தானாகவே புளிப்பானது என்பதால் பைகார்பனேட் அதிகமுள்ள டப்ளின் தண்ணீருக்கு அது ஈடு கொடுத்தது. அடுத்து சுவை. சல்பேட் அதிகமானால் கசப்பு கூர்மையாகத் தெரியும், குளோரைடு அதிகமானால் மால்ட்டின் உருண்டையான சுவை முன்னால் நிற்கும். மூன்றாவது, கொஞ்சம் அவசரமானது: குளோரின். குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லப் போடும் குளோரின், மால்ட்டில் உள்ள பொருள்களோடு சேர்ந்து குளோரோபீனால் என்ற சேர்மத்தை உண்டாக்கும். பீரில் பிளாஸ்திரி வாடை அடிக்கும். மிகச் சிறிய அளவே போதும். வெறும் குளோரின் என்றால் கொதிக்கவைத்தாலோ இரவு முழுக்கத் திறந்து வைத்தாலோ போய்விடும். சில நகரங்களில் குளோரமைன் போடுகிறார்கள், அது அவ்வளவு எளிதில் போகாது. அதற்குப் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் மாத்திரை உண்டு, 75 லிட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் போட்டால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்.

தண்ணீர் எப்படி இருக்கிறது என்று தெரியாவிட்டால் ஆர்.ஓ. நீரில் தொடங்குவதுதான் என் யோசனை. அது ஏறத்தாழ வெற்றுத்தாள். அதில் நமக்கு வேண்டியதை எழுதிக்கொள்ளலாம். 20 லிட்டர் ஆர்.ஓ. நீரில் உணவுத்தர ஜிப்சம் 2 கிராமும் கால்சியம் குளோரைடு 3 கிராமும் போட்டால், லிட்டருக்குக் கால்சியம் 64 மில்லிகிராம், சல்பேட் 56, குளோரைடு 72 வாக்கில் வரும். பல வகை பீருக்கு இது நடுவாந்தரமான, நம்பகமான தண்ணீர். கடையில் விற்கும் டி.டி.எஸ். மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். மொத்தம் எவ்வளவு உப்பு என்று அது சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. வெளிநாட்டு நகரங்களில் குடிநீர் நிறுவனங்கள் அறிக்கை வெளியிடுகின்றன. கால்சியம், சல்பேட், குளோரைடு, பைகார்பனேட், சோடியம் ஆகிய ஐந்து எண்களை அதில் பார்த்தால் போதும்.

இன்னொரு வேடிக்கை. தண்ணீரில் பைகார்பனேட் மிதமிஞ்சிப் போனால் அதை எடுக்கப் பழைய பீர் ஆலைகள் பயன்படுத்தியதும் சுண்ணாம்புதான். நீற்றிய சுண்ணாம்பை அளந்து போட்டால் பைகார்பனேட் கால்சியம் கார்பனேட்டாக மாறி அடியில் படியும், மேலே தெளிந்த நீரை இறுத்துக்கொள்ளலாம். பனங்கலயத்தில் நொதித்தலை நிறுத்தும் அதே பொருள், அங்கே நொதித்தலுக்குத் தண்ணீரைத் தயார் செய்கிறது.

சாமான்கள்

20 லிட்டருக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. 30 லிட்டருக்கு மேல் கொள்ளும் எவர்சில்வர் அண்டா, மால்ட்டைக் கட்டி ஊறவைக்க ஒரு பெரிய துணிப்பை, தெர்மாமீட்டர், மூடியுள்ள உணவுத்தர பிளாஸ்டிக் வாளி, அதன் மூடியில் செருகும் ஏர்லாக், அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், நீரை இறக்க ஒரு குழாய். துணிப்பை முறையில் தொடங்கினால் செலவு பாதியாகக் குறையும். பளபளக்கும் மூன்று அடுக்கு எந்திரங்களை முதல் நாளே வாங்குவது வீண் என்றுதான் சொல்வேன்.

ஏர்லாக் சிறிய சாதனம், வேலை பெரியது. அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்தால் உள்ளேயிருந்து வாயு குமிழியாக வெளியேறும், வெளிக்காற்று உள்ளே வராது. 100 கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறத்தாழ 51 கிராம் மதுவும் 49 கிராம் கரியமில வாயுவும் கிடைக்கும். இவ்வளவு வாயு வரும் பாத்திரத்தை இறுக மூடினால் மூடி பறக்கும், கண்ணாடி என்றால் வெடிக்கும்.

கழுவுவதும் கிருமி நீக்குவதும் இரண்டு தனி வேலைகள். அழுக்கு ஒட்டியிருக்கும் இடத்தில் எந்தக் கிருமிநாசினியும் முழுதாக வேலை செய்யாது. முதலில் மணமில்லாத சோப்பால் மென்மையான துணி கொண்டு கழுவ வேண்டும். நார் போட்டுத் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் கீறல் விழும், கீறலுக்குள் பாக்டீரியா குடியேறும். அப்புறம் பாஸ்பாரிக் அமிலம் அல்லது அயோடின் சார்ந்த, கழுவத் தேவையில்லாத கிருமிநாசினியில் நனைக்க வேண்டும். கொதிக்கும் வரை எது பட்டாலும் பரவாயில்லை. கொதித்து ஆறிய பிறகு வோர்ட்டைத் தொடும் ஒவ்வொன்றும், கரண்டி உட்பட, கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும்.

சூடு

கொதித்த வோர்ட்டை வேகமாக ஆற்ற வேண்டும். 60 டிகிரிக்குக் கீழே வந்ததிலிருந்து ஈஸ்ட் போடும் வரைக்கும் அது பாதுகாப்பற்ற இனிப்பு நீர், சுண்ணாம்பில்லாத கலயம் மாதிரியே. குளிர் நாட்டில் செப்புச் சுருளில் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டால் அரை மணியில் 20 டிகிரிக்கு வந்துவிடும். நம் ஊர் போன்ற இடத்தில் ஏப்ரல் மாதம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரே 30-ஐத் தாண்டி இருக்கும், அதனால் கடைசிக் கட்டத்துக்கு ஐஸ் இல்லாமல் முடியாது.

ஆறியதும் வாளியில் ஊற்றி நன்றாகக் குலுக்க வேண்டும். ஈஸ்ட் பெருகத் தொடக்கத்தில் ஆக்சிஜன் வேண்டும். அதன்பின் காற்றே படக்கூடாது. 20 லிட்டருக்கு 11 கிராம் உலர் ஈஸ்ட் பாக்கெட் ஒன்று சரியாக இருக்கும். 12 முதல் 24 மணி நேரத்தில் நுரை கட்டும்.

ஏல் வகை ஈஸ்ட்டுக்குப் பெரும்பாலும் 18 முதல் 22 டிகிரி பிடிக்கும். லாகர் என்ற, குளிரில் நொதிக்கும் பீரின் ஈஸ்ட்டுக்கு 8 முதல் 13. நம் மாவட்டத்தில் பகல் 30-ஐத் தாண்டும், இரவிலும் பெரிதாக இறங்காது. போதாக்குறைக்கு, நொதித்தலே சூட்டை உண்டாக்கும். வாளியின் உள்ளே அறையைவிட மூன்று, நான்கு டிகிரி கூடுதலாக இருப்பது சாதாரணம். அந்தச் சூட்டில் ஈஸ்ட் சாகாது, அசுர வேகத்தில் வேலை செய்யும். ஆனால் வேகத்தோடு பியூசல் ஆல்கஹால் என்ற காட்டமான மதுவகைகளும், எஸ்டர் என்ற மணப்பொருள்களும் அளவுக்கு மீறி வரும். குடித்தால் தொண்டையில் எரிச்சல், வாழைப்பழ வாடை, பெயிண்ட் தின்னர் நெடி. கெட்டுப்போன பீர் என்று பலர் கொட்டுவது பெரும்பாலும் கிருமியால் கெட்டதில்லை, சூட்டால் கெட்டது. முதல் மூன்று நாள் சூட்டைப் பிடித்து வைத்தால் போதும், நல்லதோ கெட்டதோ சுவையின் பெரும்பகுதி அப்போதே முடிவாகிவிடும்.

சிங்கப்பூரில் இருப்பவருக்கு இதே பிரச்சினைதான், அங்கேயும் குளிர்காலம் கிடையாது. வாளியை ஈரத்துணியால் சுற்றி விசிறி வைப்பது பலர் சொல்லும் வழி. காற்று வறண்ட இடத்தில் அது பலிக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் வைத்தால் நன்றாகவே குளிரும், குளச்சல் கடற்கரையின் புழுக்கத்தில் வைத்தால் துணி நனைந்ததுதான் மிச்சம். பழைய பிரிட்ஜ் ஒன்றும் அதைத் தானாக அணைத்துப் போடும் தெர்மோஸ்டாட் ஒன்றும் இருந்தால் கவலை தீர்ந்தது. அதுவும் முடியாதவருக்கு க்வைக் இருக்கிறது. நார்வே பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த ஈஸ்ட் இது. 30 முதல் 40 டிகிரியில்கூடச் சுத்தமான சுவை தரும், சில நாளில் வேலையை முடித்துவிடும். பனி பெய்யும் நாட்டில் பிறந்த ஈஸ்ட் நம் ஊர் வெயிலுக்குப் பொருந்துவதைப் பார்த்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

முடிந்ததா என்று எப்படித் தெரியும்

குமிழி நின்றுவிட்டது என்பதை வைத்து முடிவு செய்யக்கூடாது. மூடி சரியாக இறுகாவிட்டாலும் குமிழி வராது. ஹைட்ரோமீட்டர்தான் சாட்சி. சர்க்கரை கரைந்த நீர் அடர்த்தியானது, அதில் மீட்டர் உயரமாக மிதக்கும். சர்க்கரை தீரத்தீர மூழ்கும். வெறும் தண்ணீரில் அது 1.000 காட்டும். தொடக்கத்தில் 1.050, கடைசியில் 1.010 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.040. அதை 131.25-ஆல் பெருக்கினால் 5.25 சதவீதம் மது. இரண்டு, மூன்று நாள் இடைவெளியில் அளவு மாறாமல் நின்றால் நொதித்தல் முடிந்தது. பொதுவாக இரண்டு வாரம் கழித்துப் பாட்டிலில் அடைப்பார்கள்.

மெத்தனால் பயம் பலருக்கு உண்டு. கள்ளச்சாராயச் சாவுகளில் கொல்வது பெரும்பாலும் தொழிற்சாலை மெத்தனாலைக் கலப்பதுதான். தானியத்தை நொதிக்கவைப்பதில் அது ஆபத்தான அளவில் வருவதில்லை. சாராயம் காய்ச்சி வடிப்பது முற்றிலும் வேறு வேலை, பீர் தயாரிக்கச் சட்டம் இடம் கொடுக்கும் நாடுகள் பலவற்றிலும் அது தடை செய்யப்பட்டிருக்கிறது.

உண்மையான ஆபத்து பாட்டிலில் இருக்கிறது. பீரில் நுரை வர, அடைக்கும்போது லிட்டருக்கு 6 அல்லது 7 கிராம் சர்க்கரை சேர்ப்பார்கள். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று உண்டாக்கும் வாயு வெளியேற வழியில்லாமல் பீரிலேயே கரையும். நொதித்தல் முடியுமுன் அடைத்தாலோ, சர்க்கரையைக் கண்ணளவில் போட்டாலோ பாட்டில் வெடிக்கும். தராசில் நிறுத்துத்தான் போட வேண்டும், ஸ்பூன் கணக்கு ஆகாது. பீருக்கென்று செய்த கனமான கண்ணாடி பாட்டில் மட்டுமே ஏற்றது, ஜாம் பாட்டிலும் தேன் பாட்டிலும் அழுத்தம் தாங்காது. அடைத்த பிறகு இரண்டு வாரம் வெளிச்சம் படாத அட்டைப்பெட்டியில், மேலே ஒரு கனத்த துணியைப் போட்டு வைத்திருந்துவிட்டு பிரிட்ஜுக்கு மாற்றலாம்.